பொற்கலமும் கலங்கல் நீரும்

செல்வக் குடியிற் பிறந்த பெண்ணொருத்தி, பெற்றோர் உவவாதிருப்பவும், பொருள் வளம் இல்லாத ஒருவனைத் தன் கணவனாகத் தேர்ந்துகொண்டால் அதனை அறம் என்பதா, அடங்காமை என்பதா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. நாரந்தனை போன்ற நம் தீவகத்து ஊர்களில் மணப்பேச்சு நிகழும் வீடுகள் தோறும் இஃது ஏதேனும் ஒரு வடிவில் எழுந்தே தீரும். சங்கச் சான்றோர் இதற்கு யாது விடை கூறினர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே தலைவன் தலைவியர்க்கு இருக்க வேண்டிய ஒப்புக்கள் பத்தினை எண்ணுகின்றார். பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு முதலியவற்றைக் கூறி, நிறை, அருள், உணர்வு என்பவற்றையும் கூறி, ஈற்றிலே திருவை வைக்கின்றார். ஆகவே பொருத்தம் பார்ப்பதை அவர் விலக்கினார் அல்லர். ஆயினும் கற்பியலிலே மற்றொரு விதியும் செய்கின்றார். மணம் என்பது கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்வது. எனினும் தலைவி தலைவனோடு உடன்போகிய விடத்து, கொடுப்போர் இல்லாத போதும் மணவினை உண்டு என்பது அவ்விதியின் கருத்து. பெற்றோர் கைப்பிடித்துக் கொடாமையால் அம்மணம் மணமன்று என்று அவர் தள்ளவில்லை என்பது கருதத்தக்கது.

இனி, பெற்ற தாயினும் மிக வருந்துபவள் வளர்த்த செவிலித்தாய். உடன்போகிய மகளைத் தேடிப் பாலை வழியே செல்லும் ஒரு செவிலியைக் கலித்தொகையிலே பாலை பாடிய பெருங்கடுங்கோ காட்டுகின்றார். சேரர் குடியிற் பிறந்த அரசர் அவர். வழியில் எதிர்ப்பட்ட முக்கோலந்தணரிடம் அச்செவிலி தன் மகளைக் கண்டீரோ என வினவுகின்றாள். அவர்கள் கண்டோம் என்கின்றனர், கண்டும் தடுக்கவில்லை. சந்தனம் மலையிலே பிறந்தும் மலைக்குப் பயன்படுவதில்லை. முத்துக் கடலிலே பிறந்தும் கடலுக்குப் பயன்படுவதில்லை. இசை யாழிலே பிறந்தும் யாழுக்குப் பயன்படுவதில்லை. அவை பயன்படுவது கொள்வார்க்கே. உம் மகளும் அத்தகையள். அவள் சென்ற நெறியே அறநெறி என்று தேற்றி அனுப்புகின்றனர். துறந்தோர் வாயால் அரசர் ஒருவர் சொல்வித்த தீர்ப்பு இது.

இத்தகைய நூல்களை ஏட்டுச் சுவடியினின்றும் மீட்டு அச்சேற்றியவருள் முதல்வர் நம் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832இல் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அவர் பதிப்பித்தார். அவர் கைப்பட்டிராவிடின் மேற்கூறிய விதியும் தீர்ப்பும் நம் காதுக்கு எட்டுதற்கு இன்னும் எத்துணைக் காலம் கழிந்திருக்குமோ!

அறம் என்பது முடிந்தது. வாழ்வு எவ்வாறு இருந்தது? இதற்கு இரண்டு சிறு பாடல்கள் விடை கூறும்.

ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியைப் பாடியவர் கபிலர். உடன்போய் மீண்டு வந்த தலைவியிடம் தோழி கேட்கின்றாள்: அவன் நாட்டு நீர் நல்ல நீர் அன்றே, அதனை எவ்வாறு உண்டாய்? தலைவி, நம் தோட்டத்துத் தேனைக் கலந்த பாலைக் காட்டிலும், அவர் நாட்டிலே சருகு மூடிய குழியில் விலங்குகள் உண்டு எஞ்சிய கலங்கல் நீர் எனக்கு இனிது என்கின்றாள். உவர் நீருக்கு நடுவே வாழ்ந்து, நன்னீர்க் கிணறு தேடிக் குடத்தோடு நடந்த தாய்மாரைக் கண்ட தீவகத்தார்க்கு இவ்விடையின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நீரின் சுவை அறியாதவள் சொன்ன சொல் அன்று அது, அறிந்தே சொன்னது.

மற்றையது நற்றிணையிலே போதனார் பாடியது. பொன்னாலாகிய கிண்ணத்திலே தேன் கலந்த பாலை ஏந்தி, மற்றொரு கையிலே சிறு கோலை ஓங்கிக்கொண்டு செவிலியர் உண்ணென்று வேண்டுவர். சிறுமியோ காற்சிலம்பு ஒலிக்கப் பந்தரைச் சுற்றி ஓடுவாள். நரைமுதிர்ந்த செவிலியர் பின்னே ஓடி இளைப்பர். அச்சிறுமியே இன்று மனைவி. அவள் கொண்ட கணவனின் குடி வறுமையுற்றது. தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை அவள் நினைப்பதும் இல்லை. ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கின்றாள். இவ்வறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று வளர்த்தவள் வியக்கின்றாள்.

இப்பாட்டிலே இரண்டு செய்திகளை நாம் கருத்தில் இருத்த வேண்டும். ஒன்று, புலவர் வறுமையை இனிது என்று பொய் கூறவில்லை. பசி பசியாகவே நிற்கின்றது. இரண்டு, செவிலி, சொன்னேனே, கேட்டாயா என்று இடித்துரைக்கவில்லை. ஓடியோடிப் பால் மறுத்தவளின் பிடிவாதமே பின்னர்ப் பசியைத் தாங்கும் வலிமையாயிற்று என்பதை அவள் கண்டுகொண்டாள் போலும்.

நம் நாட்டு வழக்கோ வேறொரு வழியிற் பெண்ணின் வாழ்வுக்கு அரண் தேடியது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் சட்டமாக்கப்பெற்ற தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பொருளை வகுத்தது. மகள் வெறுங்கையளாய்ப் புகுந்த வீட்டில் நிற்கலாகாது என்னும் அன்பும் சீதனத்திலே உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்பிற் பிறந்த வழக்கே, தெரிவு பெற்றோர்க்கு ஒவ்வாதபோது மகளைத் தண்டிக்கும் கருவியாகவும் மாறிவிடுகின்றது. மணஞ்செய்துகொண்ட நாள் முதலாக மகளின் பெயரையே வீட்டில் எடுக்காத பெற்றோரை நாம் அறிவோம். பேரப்பிள்ளை முற்றத்திற் கால் வைத்த அன்றுதான் சிலருக்குக் கதவு திறந்தது. சிலருக்கு அதுவும் திறக்கவில்லை. செத்தவீட்டிலே வாயிலோரம் நின்று அழுது திரும்பிய மகளும் உண்டு.

எதிர்ப்போர் எல்லாரும் கொடியவர் அல்லர் என்பதும் உண்மை. பாரதத்து வனபருவத்திலே, நாடிழந்து காட்டில் வாழும் குருட்டு அரசனின் மகனாகிய சத்தியவானைச் சாவித்திரி தேர்ந்தாள். ஓராண்டில் அவன் இறப்பான் என நாரதர் உரைத்தபோது, வேறொருவனைத் தேடுக என்றான் தந்தை அசுவபதி. அது மகள் மீது கொண்ட அச்சமே. எனினும் அவள் உறுதியைக் கண்டபின் அவனே முன்னின்று மணம் முடித்தான். அஞ்சுவது தந்தையின் இயல்பு. அஞ்சியபின்னும் உடன் நிற்பதே அவன் பெருமை.

ஆகவே சங்கச் சான்றோர் நமக்குக் கூறும் பாடம் இருபாலார்க்கும் உரியது. தெரிந்து கொள்ளும் பெண்ணே, பொற்கலத்தை விட்டுச் செல்கின்றாய் என்பதை அறிந்து செல். கலங்கல் நீர் இனிப்பது அன்பினாலேயன்றி நீரினால் அன்று. பெற்றோரே, பொருத்தம் பாருங்கள், அறிவுரை கூறுங்கள், அதன்பின்னும் அவள் உறுதியோடு நின்றால் படலையைச் சாத்தாதீர்கள். ஒரு பொழுது உண்டு வாழும் மகளை வியந்து போற்றிய செவிலியின் உள்ளம் நமக்கும் வாய்ப்பதாக.