'கரி' பாடும் குழந்தைக்கும் ஒரு சபாஷ்

தங்கச்சி, ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்டில் எட்டுப் பிள்ளைகளோடு பாட்டு கிளாஸ் ஆரம்பித்துவிட்டாய். "ரெண்டு பேர்தான் வாய்விட்டுப் பாடுறாங்க, மத்தவங்க முணுமுணுக்கிறாங்க அக்கா" என்று நேற்று போனில் வருத்தப்பட்டாய். மல்லேஸ்வரத்தில் என் வீட்டுக் கூடத்திலும் முதல் வருஷம் இதே கதைதான். செய்து பார்த்துப் பலன் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

1. எதற்குப் பாராட்டு என்று சொல்

வெறும் 'வெரி குட்' போதாது. "போன வாரம் ஜண்டை வரிசை இரண்டாம் காலத்தில் ஓடினாய், இன்றைக்குத் தாளத்தை விடவே இல்லை" என்று சொல். நல்ல குரல் சிலருக்கு இயல்பாகவே அமைந்துவிடும். தாளத்தில் நிற்பது உழைத்து வாங்கியது. அந்த உழைப்பை நீ கவனித்தாய் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

2. அலங்காரத்தைப் பங்கு போடு

சதுஸ்ர ஜாதி துருவ தாளத்துக்கு 14 அட்சரம்: லகு, துருதம், லகு, லகு. நாலு பேரை வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கு ஓர் அங்கம் கொடு. தாளம் மட்டும் எல்லோரும் போட வேண்டும். துருதம் கிடைத்தவருக்கு 'கரி' என்று இரண்டே ஸ்வரம், கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

வாயே திறக்காத ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு அதைக் கொடுத்தேன். மூன்று சுற்று தவறவிட்டாள். நாலாவது சுற்றில், பக்கத்துப் பையன் தன் 'ஸரிகம'வை முடிக்கும்போதே அவள் பக்கம் லேசாகத் தலையசைத்தான். 'கரி' டக்கென்று இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவளுக்கு ஒரு சபாஷ், தலையசைத்தவனுக்குத் தனியாக ஒரு சபாஷ். அடுத்த வாரம் எல்லோருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடினார்கள்.

3. பாடாத வேலையும் வேலைதான்

சுருதிப் பெட்டியைச் சரி பார்ப்பது, லீவு போட்ட பிள்ளைக்கு ஸ்வரம் எழுதிக் கொடுப்பது, பாய் விரிப்பது எல்லாவற்றையும் வாரம் ஒருவராக மாற்றிவிடு. கிளாஸ் முடியும்போது அவர்கள் பேரைச் சொல்லி நன்றி சொல்.

4. கச்சேரிக்கு அழைத்துப் போ

1939-இல் தொடங்கிய ராமசேவா மண்டலியின் ராமநவமி இசைவிழா சாமராஜப்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் நடக்கிறது. தனி ஆவர்த்தனம் வந்ததும், "பாடுறவர் இப்ப என்ன செய்றார், பாரு" என்று கேள். அவ்வளவு நேரம் நடுவில் உட்கார்ந்து பாடியவர், மிருதங்கக்காரருக்குத் தாளம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். நீ ஒரு வருஷம் சொல்லிப் புரியவைப்பது அங்கே பத்து நிமிஷத்தில் புரியும்.

5. அவரவர் மொழியில் பாராட்டு

நம்மூர் கிளாஸில் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்திருக்கும். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் கன்னடத்தில் பாடிய புரந்தரதாசர் வகுத்த பாடத்தில்தான் ஆரம்பிக்கிறது. கன்னடப் பிள்ளையிடம் "தும்பா சென்னாகித்து" என்று சொல்லிப் பார், முகம் மலர்ந்துவிடும்.

6. பெற்றோரிடம் ஒரே ஒரு விஷயம்

கூட்டிப்போக வரும்போது "யார் ஃபர்ஸ்ட்?" என்று கேட்பார்கள். ஒப்பிட்டுப் பேசாதே. "இன்றைக்குப் பக்கத்துப் பிள்ளைக்கு மலஹரி கீதம் சொல்லிக் கொடுத்தாள்" என்பது போல, அவர்கள் பிள்ளை செய்த ஒன்றைச் சொல்.

கடைசியாக, ஒரு நோட்டில் எட்டுப் பேர் பெயரையும் எழுதி வை. கிளாஸ் முடிந்ததும் யாரை எதற்குப் பாராட்டினாய் என்று ஒரு வரி குறித்துக்கொள். வாரக் கடைசியில் யார் பெயருக்கு எதிரே காலியாக இருக்கிறதோ, அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதே. நம் கண்தான் அங்கே போகவில்லை. அடுத்த கிளாஸில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்.

அன்புடன்,
அக்கா