முதலில் மண்ணைக் கேள்

அன்புத் தம்பிக்கு,

கொத்தமங்கலத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. போட்டிக்காகச் செய்த நான்கு சக்கர ரோவர் சிமெண்ட் தரையில் நன்றாக ஓடியதாம்; கண்மாய்க்குள் இறக்கியதும் புதைந்துவிட்டதாம். 'பெரிய மோட்டார் போடட்டுமா?' என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம். பொலபொலத்த மண்ணில் வேகமாகச் சுற்றும் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். செவ்வாயில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த 'ஸ்பிரிட்' ரோவரே 2009-இல் பொலபொலத்த மண்ணில்தான் புதைந்தது. கடைசிவரை வெளியே வரவில்லை.

நிலவில் நம் இஸ்ரோவின் 'பிரக்யான்' ரோவர் எப்படிப் போனது என்று பார். 26 கிலோ எடை, ஆறு சக்கரம், வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். பத்து மீட்டர் நீள வளவைக் கடக்கவே அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மெதுவாகப் போவதில் இன்னொரு சங்கதியும் உண்டு. வில் வண்டிக்கும் கட்டை வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேள். ஓட்டத்தில் குலுங்காமல் இருக்கத்தான் வில். ஊர்ந்து போகிற ரோவருக்குக் குலுக்கல் ஏது? அதனால் அதற்கு வில்லே கிடையாது. சொல்லப்போனால் வில் இருந்தால் அதற்குத் தொல்லைதான். கல்லேறிய சக்கரத்தில் வில் அமுங்கிப் பாரம் கூடும். மற்றவை பிடிப்பிழந்து சும்மா சுற்றும்.

வில்லுக்குப் பதிலாக ரோவரில் இருப்பது ராக்கர்-போகி. பக்கத்துக்கு ஒரு நீளக் கை. அதன் ஒரு முனையில் ஒரு சக்கரம். மறு முனையில், சீசா மாதிரி ஆடும் குட்டிக் கையில் இரண்டு சக்கரம். இரு பக்கத்து நீளக் கைகளும் உடலோடு பிணைந்திருப்பதால், ஒரு பக்கம் எழும்பினால் உடல் அதில் பாதியளவே சாயும். ஒரு சக்கரம் கல்லேறும்போதும் மற்ற ஐந்தும் தரையை விடாமல் உந்தும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய 'சோஜர்னர்' முதல் இதே ஏற்பாடுதான்.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியமானது மண். நிலவின் மேட்டு நிலத்தில் இருப்பது போன்ற அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் துணையோடு, அங்கிருந்து சுமார் 50 டன் மண் சோதனைக்காக இஸ்ரோவுக்குப் போனது. சக்கரம் நிலவுக்குப் போகுமுன் நாமக்கல் மண்ணில் நடை பழகியது.

அப்படிப் பழகியும் நிலவு ஒரு பாடம் வைத்திருந்தது. பிரக்யானின் பின்சக்கரங்களில் செதுக்கிய அசோகச் சின்னமும் இஸ்ரோ முத்திரையும் தெளிவாகப் பதியவில்லை. அந்த இடத்து மண் தூளாக இல்லாமல் கட்டிகட்டியாக இருந்ததே காரணம் என்று தெரிந்தது. பதியாத முத்திரையும் மண்ணைப் பற்றிய தகவல்தான்.

ஆகவே மோட்டார் கடைக்குப் போகாதே. கண்மாயில் காய்ந்த வண்டல் ஒரு சாக்கு, கரையோரத்து மணல் ஒரு சாக்கு அள்ளி வா. முற்றத்தில் தனித்தனியாகப் பரப்பி, மெதுவாக ஓட்டு. எதில் எத்தனை விரற்கடை புதைகிறது என்று குறித்து அனுப்பு. சக்கரத்தின் அகலத்தை அதன்பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் கட்டுரையாளர்