வேகமும் ஐந்தாம் கட்டளையும்

தள்ளாடி கடந்தால் மதவாச்சி வீதியில் இளைஞர் கைக்கு மோட்டார் சைக்கிள் அடங்குவதில்லை. அங்கே முதன்முறை பொலிசாரிடம் அகப்பட்டவருக்கு நேர்வது என்ன?

சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரமொன்று தருவர். 14 நாட்களுக்கு அதுவே அனுமதிப்பத்திரமாகச் செல்லும். அதற்குள் தபாற் கந்தோரில் பணங்கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் மீளக் கிடைக்கும். தவறினால் தண்டம் இரட்டிக்கும்; 28 நாட்களும் கடந்தால் நீதிமன்றம் ஏறவேண்டும். 2018இல் விதிக்கப்பட்ட அளவுப்படி, எல்லையை 20 வீதத்துக்குள் மீறினால் 3,000 ரூபா. 50 வீதத்துக்கு மேற்பட்டால் 15,000. கடற்றொழில் செய்யும் வீட்டில் இது சிறு தொகையன்று. பொலிசார் கையில் ஏதும் வைத்துத் தப்பலாமென எண்ணுவோரும் உளர். அது வேறொரு பாவம்.

பணங் கட்டியதோடு கணக்குத் தீர்ந்ததா? சில சட்டங்கள் வெறும் தண்டச் சட்டங்களே, அகப்பட்டாற் கட்டினாற் போதும், மனச்சாட்சிக்குப் பாரமில்லை என்று பழைய ஒழுக்கவியலார் சிலர் கற்பித்தனர். உயிரைக் காக்கும் வீதிச் சட்டத்துக்கு இது பொருந்தாது. வேக மோகத்தால் தம்முயிரையும் பிறருயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவோர் கனமான குற்றவாளிகள் என்கிறது 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2290). 2007இல் வத்திக்கான் சாரதிகளுக்கு வகுத்த பத்துக் கட்டளைகளிலும் முதலாவது, கொலை செய்யாதே என்பதே. ஆயினும் நம்மவர் ஆன்மசோதனையில் பொய்யும் கோபமும் வருமளவுக்கு வேகம் வருவதில்லை!

வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். தீவிலோ, இரவில் கழுதைகள் நடுவீதியில் நிற்கும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குக் கால்நடையாகப் போகும் தாய்மாரும் இருளோடு இருளாக வீதியோரமே நடக்கிறார்கள்.