தயிருக்கு எந்தப் பால்?

கடந்த வருடம் நோன்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் எங்கள் உம்மாவுக்குக் கடுமையான வயிற்றோட்டம் ஏற்பட்டது. நான்கு நாட்களில் அது நின்றது. ஆனால் அதன் பிறகு ஒரு கோப்பை பால் தேத்தண்ணி குடித்தாலும் வயிறு பொருமி, மறுபடியும் ஓடத் தொடங்கிவிடும். உம்மா மெலிந்துகொண்டே போனார். நோன்பு பிடிக்க முடியுமா என்ற கவலை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. வாய்விட்டுச் சொன்னவர் உம்மா மட்டும்தான்.

வைத்தியர் விளக்கியது இதுதான். பாலிலுள்ள சீனியின் பெயர் இலற்றோசு. அதைக் குளுக்கோசாகவும் கலற்றோசாகவும் உடைக்கும் இலற்றேசு என்ற நொதியம் சிறுகுடலின் உட்சுவரில் உண்டாகிறது. கடுமையான வயிற்றோட்டம் அந்தச் சுவரைத் தேய்த்துவிட்டால், அது ஆறும்வரை நொதியம் போதாது. உடைபடாத இலற்றோசு பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கிறது. அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. உயர்தர உயிரியல் குறிப்பில் நான் இரண்டு வரியாக மனனம் செய்திருந்த விடயம், எங்கள் வீட்டுக் குசினியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சில வாரங்களுக்குப் பாலும் பால்மாவும் வேண்டாம், பிறகு வீட்டில் உறைய வைத்த, சீனி போடாத தயிரைக் கொஞ்சமாகத் தொடங்கலாம் என்றார் வைத்தியர். கடை யோகட்டை ஏன் விட்டோம் என்றால், நாங்கள் வாங்குவதில் சீனி நிறைய இருந்தது. (ஜெலட்டினும் இருந்தது. ஹலால் குறியைப் பார்த்து வாங்கும் நாம், அதற்குக் கீழே எழுதியிருக்கும் சீனியின் அளவையும் ஒரு தடவை பார்க்கலாம்.)

அன்றிரவே எந்தப் பால் என்ற விவாதம் தொடங்கியது. மூத்தம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "எருமத் தயிர் இல்லாத சஹரும் ஒரு சஹரா, மகள்?" என்றார். எங்கள் பக்கத்தில் சஹருக்குச் சோறும் தயிரும் வாழைப்பழமும்தான் வழக்கம். சாச்சி ஆட்டுப்பால் என்றார். வாப்பா, தொந்தரவில்லாமல் பால்மாவைக் கரைத்து உறைய வைப்போம் என்றார்.

நான் புத்தகங்களைப் பார்த்தேன். 100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 4.7 கிராம் இலற்றோசு இருக்கிறது. எருமைப்பாலிலும் ஏறக்குறைய அதே அளவு. ஆட்டுப்பாலில் சற்றுக் குறைவு, ஆனால் அந்த வித்தியாசம் அரைக் கிராமுக்குள்தான். ஆகவே இலற்றோசைப் பொறுத்தவரை இந்த மூன்றுக்கும் இடையில் பெரிய தெரிவு எதுவும் இல்லை. எனக்கு இது ஏமாற்றமாகவே இருந்தது. ஒரு பாலைச் சுட்டிக்காட்டி "இதுதான்" என்று சொல்லலாம் என நினைத்திருந்தேன்.

வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதமளவில், பசும்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. புரதமும் கூட. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் அதனால்தான் கிடைக்கிறது. ஆனால் கொழுப்பு கூடிய உணவு இரைப்பையில் அதிக நேரம் தங்கும். நோயிலிருந்து எழும்பியவருக்கு அது பாரமாகத் தெரியும். ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் சிறியவை. அதன் தயிர் இளகலாக இருக்கும். இங்கே பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பசும்பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. அது இலற்றோசுப் பிரச்சினை அல்ல, வேறு நோய். வைத்தியரைக் கேட்காமல் மாற்றிக் கொடுக்கக் கூடாது.

பால்மாவில்தான் நாங்கள் அறியாமல் தவறு செய்து வந்திருக்கிறோம். 100 கிராம் முழு ஆடைப் பால்மாவில் 38 கிராமளவு இலற்றோசு உண்டு. ஆடை நீக்கியதில் பாதிக்கு மேல். சரியான அளவு தண்ணீரில் கரைத்தால் அது சாதாரணப் பால் போலத்தான். ஆனால் தயிர் கெட்டியாக வரட்டும் என்று இரண்டு கரண்டி கூடுதலாகப் போடும்போது, எதைக் குறைக்க நினைக்கிறோமோ அதையே கூட்டுகிறோம். இலற்றோசு நீக்கிய பால் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. தேங்காய்ப்பாலில் இலற்றோசே இல்லை. ஆனால் தயிரை இறுக வைக்கும் கேசீன் என்ற புரதமும் அதில் இல்லை.

கடைசியில் எடுத்தது பசும்பால், கொதிக்க வைத்து மேலே படிந்த ஆடையை நீக்கியது.

வாசித்துக்கொண்டு போனபோது எலேன் கொட்ஷால் என்ற தாயைப் பற்றி அறிந்தேன். 1950களில் அவருடைய சிறிய மகள் பெருங்குடல் புண் நோயால் துன்பப்பட்டபோது, நியூயோர்க்கில் சிட்னி ஹாஸ் என்ற வயது முதிர்ந்த வைத்தியர் ஓர் உணவுக் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் கொட்ஷால் அதைப் புத்தகமாக எழுதினார். அந்தக் கட்டுப்பாட்டில் பால் குடிக்க முடியாது. ஆனால் 24 மணித்தியாலம் நொதிக்க வைத்த வீட்டுத் தயிரைச் சாப்பிடலாம். பற்றீரியாக்களுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் அவை கூடுதல் இலற்றோசை இலற்றிக் அமிலமாக மாற்றும் என்பதே காரணம். அமிலம் கூடக்கூட அவற்றின் வேகம் குறைந்துவிடும் என்பதால், இலற்றோசு முற்றாக இல்லாமல் போய்விடும் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் தயிரிலுள்ள உயிருள்ள பற்றீரியாக்கள் தங்கள் நொதியத்தையும் கூடவே கொண்டு வருகின்றன. பாலைத் தாங்காத பலர் தயிரைத் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் வைத்தியரிடம் கேட்டோம். நேரத்தைக் கூட்டுவதில் தவறில்லை என்றார்.

முதல் முயற்சி வீணானது. சூடு ஆறும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் உறையைக் கலந்துவிட்டேன். பற்றீரியா செத்துப்போய், காலையில் பால் பாலாகவே இருந்தது. அடுத்த தடவை சமையல் வெப்பமானி ஒன்று வாங்கினோம். ஒரு லீற்றர் பாலைக் கொதிக்க வைத்து, சிறு நெருப்பில் பத்து நிமிடம் கிளறினேன். இது கிருமிகளுக்காக மட்டுமல்ல. இந்தச் சூட்டில் பாலின் மற்றப் புரதங்கள் கேசீனோடு ஒட்டிக்கொள்வதால் தயிர் இறுகி வரும். 42 பாகை செல்சியசுக்கு ஆறியதும், சீனி கலக்காத தயிரில் இரண்டு மேசைக் கரண்டி சேர்த்தேன். மண்சட்டி நீரை உறிஞ்சித் தயிரை நன்றாக இறுக்கும், ஆனால் அதன் நுண்துளைகளைச் சுத்தமாக்குவது கடினம் என்பதால், கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் போத்தல்களை எடுத்தேன். அவற்றை மீன் கொண்டுவரும் றெஜிபோம் பெட்டி போன்ற ஒரு புதிய பெட்டியில், சுடுதண்ணீர்ப் போத்தல்களோடு வைத்து மூடினேன். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சுடுதண்ணீரை மாற்றியது தம்பி. அவனுக்கு அது ஒரு விளையாட்டு.

எட்டு மணித்தியாலத்தில் உறைந்தது. 24 வரை விட்டோம். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். வடிந்து போகும் மஞ்சள் நீரோடு மீதி இலற்றோசிலும் ஒரு பங்கு போய்விடும்.

"என்ன புள்ள, இப்பிடிப் புளிக்கிது!" என்றார் உம்மா. முதல் நாள் ஒரு தேக்கரண்டி. மூன்று நாள் பொறுத்து இரண்டு. ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டார், வயிறு எப்படி இருந்தது என்று எனது செய்முறைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். பதினொராவது நாள் பொருமியதாக எழுதியிருக்கிறது. அன்று கலியாண வீடொன்றில் வட்டிலப்பம் சாப்பிட்டிருந்தார். அதில் பாலே இல்லை என்று இன்றும் சாதிக்கிறார்.

தலை நோன்பின் சஹருக்கு உம்மா சோற்றோடு மூன்று மேசைக் கரண்டி தயிரும் பாதி வாழைப்பழமும் சாப்பிட்டார். நான் சுபஹு தொழுதுவிட்டு வந்து, தூங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "போய்ப் படு, எனக்கு ஒண்டுமில்ல" என்றார். இப்போது வியாழக்கிழமை தோறும் இரண்டு போத்தல் உறைய வைக்கிறோம். மூத்தம்மாவின் எருமைத் தயிர்ச் சட்டி பக்கத்திலேயே தனியாக இருக்கிறது.