வீட்டைக் காக்கும் ஐந்து சென்டிமீட்டர் நீர்

குளியலறைத் தரையில் ஊற்றிய நீர், மூலையிலுள்ள சல்லடை வழியே இறங்கி மறைந்துவிடுகிறது. அது செல்லும் குழாய், தெருவின் பாதாளச் சாக்கடையிலோ வீட்டின் செப்டிக் டேங்கிலோ சென்று சேருகிறது. அங்கே கழிவுகள் அழுகும்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. முன்னது எளிதில் தீப்பற்றும், பின்னது நஞ்சு. நீர் இறங்கும் வழியிலேயே இவ்வாயுக்கள் வீட்டினுள் ஏறி வரலாமே! ஏன் வருவதில்லை?

நீரே கதவு

சல்லடைக்குக் கீழே குழாய் வளைந்து மேலேறி, பிறகு கீழிறங்குகிறது. அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். மேலிருந்து ஊற்றும் நீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கீழிருந்து வரும் வாயுவோ அதைக் கடக்க இயலாது. இவ்வமைப்பைக் கட்டடத் தொழிலாளர் 'டிராப்' என்பர். லண்டனில் கடிகாரம் செய்து வந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர், இத்தகைய வளைவு கொண்ட கழிப்பறைக்கு 1775-ல் காப்புரிமை பெற்றார்.

அழுத்தக் கணக்கு

வாயுவைத் தடுக்கும் நீரின் ஆழம் பொதுவாக 5 செ.மீ. அளவே. வளிமண்டல அழுத்தமோ சுமார் 1030 செ.மீ. உயர நீர்த்தம்பத்தைத் தாங்க வல்லது. ஆகவே, சாக்கடைப் பக்கத்து அழுத்தம் ஏறத்தாழ 200-ல் ஒரு பங்கு குறைந்தாலே போதும். அறையின் காற்று, நீரை அப்பால் தள்ளிவிட்டுத் தானும் உள்ளே புகுந்துவிடும்.

அப்படிக் குறையுமா? மாடி வீடுகளில் குறையும். மேல்தளத்திலிருந்து பொதுக்குழாயில் வேகமாக விழும் நீர், பிஸ்டனைப்போல் தன் பின்னே காற்றை இழுக்கிறது. அப்போது டிராப்பிலுள்ள நீரும் உறிஞ்சப்படலாம். இதைத் தடுக்கவே பொதுக்குழாயை மொட்டை மாடிக்கு மேலே நீட்டித் திறந்து வைக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தை வெளிக்காற்று புகுந்து ஈடுசெய்கிறது. நாற்ற வாயுவும் உயரத்தில் வெளியேறுகிறது.

நீர் வற்றினால்?

2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோரை சார்ஸ் நோய் தாக்கியது. 42 பேர் இறந்தனர். ஆய்வாளர்கள் கூறிய காரணங்களுள் டிராப்பும் ஒன்று. அங்கே பலர் குளியலறைத் தரையை நீரூற்றிக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து வந்தனர். அதனால் டிராப்பின் நீர் ஆவியாகி வற்றிவிட்டது. காற்றை வெளியேற்றும் மின்விசிறி சுழன்றபோது அறையில் அழுத்தம் குறைந்தது. கழிவுக் குழாயின் காற்று, கிருமி கலந்த நுண்துளிகளுடன் உள்ளே வந்தது.

செய்து பாருங்கள்

கொத்தனார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் குழாயில் ஒரு மீட்டர் எடுத்து, U வடிவில் வளைத்துப் பாதியளவு நீர் ஊற்றுங்கள். இருபுறமும் நீர்மட்டம் சமமாக நிற்கும். ஒரு முனையில் மெல்ல ஊதுங்கள். மட்டங்களின் வேறுபாடே, நீங்கள் கொடுத்த கூடுதல் அழுத்தத்தின் அளவு.

வீட்டில் பயன்படுத்தாத குளியலறை இருந்தால் வாரம் ஒருமுறை அதன் சல்லடையில் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். நாற்றம் வந்தால், பினாயில் தெளிக்குமுன் டிராப்பில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிந்திக்க ஒரு வினா: 5 செ.மீ.க்குப் பதில் 50 செ.மீ. ஆழ நீர் நின்றால் பாதுகாப்பு கூடும். ஆயினும் அப்படி அமைப்பதில்லை. ஏன்? நீரோடு மண்ணும் முடியும் சேர்ந்து போகவேண்டும் என்பதை நினைவிற்கொண்டு விடை காணுங்கள்.