வி.பி.என். போட்டால் இன்டர்நெட் சரியாகுமா?

வீட்டுக்கு பைபர் இணைப்பு வந்தாகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரும் வாங்கியாயிற்று. ஆனால் ஒரு தளம் உடனே திறக்கிறது, இன்னொரு தளம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. மாலை ஆறு மணி ஆனால் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. இந்த நேரத்தில் யாராவது ஒருவர் வந்து, "வி.பி.என். போட்டுப் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

நான் சாப்ட்வேர் வேலையில் இருப்பதால், அரியலூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்குப் போகும் போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. உறவினர் ஒருவர் இரண்டு வருடச் சந்தாவுக்குப் பணம் கட்டும் பக்கத்தையே திறந்து வைத்துக் கொண்டு, "தம்பி, கட்டிடலாமா?" என்று போன் செய்தார். கட்ட வேண்டாம் என்றேன். அவர் வீட்டில் ரௌட்டர் முன் அறையில், கம்ப்யூட்டர் இரண்டு சுவர்களைத் தாண்டிப் பின் அறையில். வை-பி சிக்னல் அங்கே போய்ச் சேரவே இல்லை. ஒரு லேன் கேபிள் வாங்கி இழுத்ததும் பிரச்னை தீர்ந்தது.

சரி, வி.பி.என். என்பது என்ன? உங்கள் கம்ப்யூட்டர் அனுப்பும் தகவல் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொன்றின் மேலும் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும். வி.பி.என். இயங்கும் போது, அந்தப் பாக்கெட் இன்னொரு கவருக்குள் வைத்து ஒட்டப்படுகிறது. வெளிக் கவரில் வி.பி.என். சர்வரின் முகவரி மட்டுமே இருக்கும். அந்த சர்வர் கவரைப் பிரித்து, உள்ளே உள்ளதை உரிய இடத்துக்கு அனுப்பி, பதிலையும் அதே போலக் கவரில் போட்டுத் திருப்பித் தருகிறது. இந்த வழியைத்தான் டனல், அதாவது சுரங்கப் பாதை என்கிறோம்.

சுரங்கம் என்றதும் தனியாக ஒரு பாதை கிடைக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் வீட்டுக்கு வரும் அதே ஒயர், அதே ரௌட்டர் வழியாகத்தான் அந்தக் கவரும் போகிறது. தெருச் சாலை குண்டும் குழியுமாக இருந்தால், பஸ்ஸுக்குப் பதில் கார் எடுத்து என்ன பயன்? அரியலூர் மெயின் ரோட்டில் ஏறிய பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பதை மட்டுமே வி.பி.என். மாற்றுகிறது. எனவே பழுது எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று சோதனைகள்

ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு நிறத்தில் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோ திறக்கும். அதில் பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு உங்கள் ரௌட்டரின் முகவரியைக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 என்று இருக்கும். ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலும் காணலாம். கம்ப்யூட்டர் நான்கு முறை ரௌட்டரைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று காட்டும். ஒன்று, இரண்டு, ஐந்து என்று வந்தால் நல்லது. 200, 300 என்று ஏறி இறங்கினாலோ, டைம்டு அவுட் என்று வந்தாலோ பழுது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வி.பி.என். பற்றி மறந்துவிடுங்கள்.

அடுத்து, அதே போல 1.1.1.1 என்ற முகவரிக்கு பிங் செய்திடுங்கள். இது கிளவுட்பிளேர் நிறுவனம் நடத்தும் ஒரு பொது சர்வர். ரௌட்டர் சோதனை நன்றாக வந்து, இங்கே பதில்கள் தொலைந்து போனால் ஒயரிலோ, இணைப்புத் தரும் நிறுவனத்திடமோ கோளாறு. அவர்களுக்குத்தான் புகார் கொடுக்க வேண்டும். கமாண்ட் விண்டோவை ஒரு ஸ்கிரீன் ஷாட் எடுத்து அனுப்புங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்வதை விட இதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவதாக, திறக்காத தளத்தின் பெயரையே கொடுத்து பிங் செய்திடுங்கள். 1.1.1.1 ஒழுங்காகப் பதில் தந்து, பெயரைக் கொடுத்தால் மட்டும் அந்த ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வர்தான் வேலை செய்யவில்லை. (சில தளங்கள் பிங்குக்குப் பதில் தராமல் இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். எனவே டைம்டு அவுட் என்று வருவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.)

பெயர்ப் பட்டியலில் வரும் பிரச்னை

வி.எல்.சி. பிளேயர் இல்லாத கம்ப்யூட்டரைப் பார்ப்பது அரிது. அதைத் தயாரித்துத் தரும் வீடியோலேன் அமைப்பின் தளம் 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் இணைப்பில் திறக்கும், பக்கத்து வீட்டில் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் திறக்காது. தங்களுக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லை என்று கூறி, அந்த அமைப்பு அக்டோபரில் அரசுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை விலகியது. இப்படி ஒரு தளம் மூடிக் கிடக்கும் போது, கூகுளில் தேடி ஏதோ ஒரு தளத்தில் கிடைக்கும் போலி பிளேயரை இறக்கிக் கொண்டால் அதனுடன் வைரஸும் வந்து சேரலாம்.

இதற்கு முன்பே நம் ஊரில் ஒன்று நடந்தது. 2012இல் தனுஷ் நடித்த "3" படத்தின் திருட்டு நகல்களைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு பெறப்பட்டது. அதைக் காட்டி இணைப்பு நிறுவனங்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஜூனில் நீதிமன்றம் விளக்கம் தந்தது. 2017இல் ஹிந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவில், பழைய புத்தகங்களும் இணையப் பக்கங்களும் சேமித்து வைக்கப்பட்டுள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் சிக்கிக் கொண்டது. திருட்டுப் படத்தைத் தடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒரு வீட்டில் திருடன் இருக்கிறான் என்று தெருவையே மூடினால் எப்படி?

இத்தகைய தடைகளில் ஒரு பகுதி டி.என்.எஸ். அளவிலேயே போடப்படுகிறது. டி.என்.எஸ். சர்வர் பழுதாகிப் போவதும் அடிக்கடி நடப்பதுதான். இரண்டுக்கும் முதலில் முயன்று பார்க்க வேண்டியது டி.என்.எஸ். மாற்றம். செலவு எதுவும் இல்லை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவுக்குச் செல்லுங்கள். கேபிள் என்றால் ஈதர்நெட், இல்லையெனில் வை-பி, அதில் ஹார்ட்வேர் பிராப்பர்ட்டீஸ். டி.என்.எஸ். சர்வர் அசைன்மென்ட் என்பதற்கு எதிரே உள்ள எடிட் பட்டனில் கிளிக் செய்து, மேனுவல் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஐ.பி.வி.4 ஸ்விட்சை ஆன் செய்திடுங்கள். முதல் கட்டத்தில் 1.1.1.1, இரண்டாவதில் 8.8.8.8 என்று கொடுத்து சேவ் செய்திடுங்கள். அங்கேயே டி.என்.எஸ். ஓவர் எச்.டி.டி.பி.எஸ். என்ற வசதி தெரிந்தால் அதையும் ஆன் செய்வது நல்லது. அதன் பிறகு நீங்கள் கேட்கும் தளங்களின் பெயர் வழியில் யாருக்கும் தெரியாமல் மறைந்து செல்லும். இதற்குப் பிறகும் திறக்காத தளத்துக்குத்தான் டனல் தேவைப்படுகிறது.

பாதை நீண்டு போகும் போது

சென்னையில் உள்ள சர்வருக்கு பிங் செய்தால் நல்ல இணைப்பில் 10 முதல் 30 மில்லி செகண்டில் பதில் வரும். அமெரிக்கா என்றால் 200க்கு மேல். இந்தத் தூரத்தை எந்த வி.பி.என்.னும் குறைக்க முடியாது. ஆனால் போகும் வழி தவறாக இருந்தால் திருத்தலாம். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்த போது, இந்தியாவில் இருந்து மேற்கே செல்லும் இணைப்புகள் தடுமாறின. அறுந்தவற்றில் ஒன்றான எஸ்.எம்.டபிள்யூ.4 கேபிளுக்குச் சென்னையிலும் ஒரு கரை உண்டு. இத்தகைய நாட்களில் சிங்கப்பூரில் உள்ள வி.பி.என். சர்வரைத் தேர்ந்தெடுத்தால், அங்கிருந்து வேறு கேபிள் வழியே போய்ச் சேர வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான், உறுதி இல்லை. போட்டும் எடுத்தும் பிங் செய்து பாருங்கள். எண் குறைந்தால் வைத்துக் கொள்ளுங்கள்.

மாத அளவு தீர்ந்து வேகம் குறைந்திருந்தால் எதுவும் உதவாது. சொல்லப் போனால் கவருக்கும் எடை உண்டு. வயர்கார்ட் முறையில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 60 பைட் கூடுகிறது. 1,500 பைட் பாக்கெட்டில் இது 4 சதவீதம். 100 ஜி.பி. இறக்கினால் ஏறக்குறைய 4 ஜி.பி. கவருக்கே போய்விடும்.

இந்த எடையால் இன்னொரு தொல்லையும் வரும். வி.பி.என். இணைந்துவிட்டது என்று காட்டும், சிறிய பக்கங்கள் திறக்கும், பெரியவை பாதியில் நின்றுவிடும். கவர், வழியில் உள்ள வாசலை விடப் பெரிதாகிவிட்டது என்று பொருள். வி.பி.என். புரோகிராமின் செட்டிங்ஸில் எம்.டி.யு. என்று இருக்கும் எண்ணை 1280 என்று மாற்றிப் பாருங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டுக்குள் வர

டனல் எனக்கு உண்மையிலேயே பயன்படுவது இங்கேதான். சென்னையில் இருந்தபடியே ஊரில் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பைலை எடுக்க வேண்டும், அல்லது அப்பாவின் கம்ப்யூட்டரில் பிரிண்டர் வேலை செய்யாததைச் சரி செய்து தர வேண்டும். முன்பெல்லாம் ரௌட்டரில் போர்ட் பார்வர்டிங் செய்தால் போதும். இப்போது பல இணைப்புகளில் அது வேலை செய்வதில்லை. காரணம், முகவரிப் பஞ்சம்.

ஐ.பி.வி.4 முறையில் மொத்தம் இருப்பது சுமார் 429 கோடி முகவரிகள். உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. எனவே நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. பெரிய காலனிக்கு ஒரே கதவு எண் மாதிரி. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியே இருந்து வரும் கடிதம் யாருக்கு என்று தெரியாது. இதன் பெயர் சி.ஜி.நாட். ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐ.பி. என்ற இடத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தக் காலனியில்தான் இருக்கிறீர்கள். இந்த வரிசை 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

தீர்வு, இரு முனைகளும் உள்ளிருந்து புறப்பட்டு வெளியே சந்திப்பது. டெயில்ஸ்கேல் போன்ற புரோகிராம்கள் இதைச் செய்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் உங்கள் லேப்டாப்பிலும் இன்ஸ்டால் செய்து, இரண்டிலும் ஒரே அக்கவுண்டில் நுழையுங்கள். அவ்வளவுதான். இரண்டும் ஒரே அறையில் இருப்பது போலப் பேசிக் கொள்ளும். தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசத் திட்டம் உண்டு. அந்த அக்கவுண்டுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பை அவசியம் போடுங்கள். அதன் பாஸ்வேர்ட் தெரிந்தவருக்கு உங்கள் வீட்டுக் கதவே திறந்துவிடும்.

இலவசம் என்றால்

விளம்பரத்தில் வரும் இலவச வி.பி.என்.கள் வேறு ரகம். உங்கள் கவர்களைப் பிரிப்பவர் அவர்கள்தான். பேங்க் தளத்தில் நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்ட் எச்.டி.டி.பி.எஸ். பூட்டுக்குள் இருப்பதால் தெரியாது. ஆனால் எந்த பேங்க், எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்கு என்பது தெரியும். பேஸ்புக் 2013இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. பாதுகாப்புக்கு என்று சொல்லித் தந்த அதன் வி.பி.என்., பயனாளர்கள் எந்தெந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று தாய் நிறுவனத்துக்குச் சேகரித்துத் தந்தது. 2019இல் அது மூடப்பட்டது. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஹோலா என்ற இன்னொன்று, இலவசமாகப் பயன்படுத்துவோரின் இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றது 2015இல் வெளியானது. யாரோ செய்த காரியத்துக்கு உங்கள் வீட்டு முகவரி பதிவாகும்.

இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் இங்கு சேவை தரும் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தரப்பட்ட ஐ.பி. ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. அதன் பிறகு எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ப்ஷார்க் ஆகியவை இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. 2025 ஜனவரியில் ஆப்பிள், கூகுள் ஸ்டோர்களின் இந்தியப் பிரிவில் இருந்து கிளவுட்பிளேரின் 1.1.1.1 ஆப் உட்பட சில நீக்கப்பட்ட செய்தியும் வந்தது. ஸ்டோரில் கிடைக்கவில்லை என்று யாரோ வாட்ஸ்-அப்பில் அனுப்பும் ஏ.பி.கே. பைலை இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். துபாயில் வாட்ஸ்-அப் கால் போகவில்லை என்றால், "வி.பி.என். போட்டுப் பேசுப்பா" என்று இங்கிருந்து சொல்லிவிடுகிறோம். அமீரகச் சட்டப்படி, குற்றம் செய்வதற்காக வி.பி.என். மூலம் முகவரியை மறைத்தால் குறைந்தது 5 லட்சம் திர்ஹாம் அபராதம். அது 20 லட்சம் வரை போகலாம். அங்கே அனுமதிக்கப்பட்ட ஆப்கள் எவை என்று பிள்ளையிடமே கேட்டு, அதையே நீங்களும் இங்கே இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள்.

உள்ளூரில் ஒரு சிறு எச்சரிக்கை. வெளிநாட்டு சர்வர் வழியே போனால் நம் அரசுத் தளங்கள் பல திறப்பதில்லை. பேங்க் தளங்களும் சந்தேகப்பட்டு அக்கவுண்டைப் பூட்டிவிடலாம். எனவே அவற்றைத் திறக்கும் முன் டாஸ்க் பாரின் வலது மூலையில் உள்ள வி.பி.என். ஐகானில் ரைட் கிளிக் செய்து, டிஸ்கனெக்ட் கொடுத்து, பிரௌசரை ஒரு முறை மூடித் திறந்து கொள்ளுங்கள்.