அராக் மரமும் மிஸ்வாக் குச்சியும்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போய் வருகிறவர்கள் ஜம்ஜம் தண்ணீர், பேரீச்சம்பழம் ஆகியவற்றுடன் ஒரு கட்டு மிஸ்வாக்கையும் கொண்டுவந்து உறவினர்களுக்குக் கொடுப்பது நம் வீடுகளில் நீண்ட நாளைய வழக்கம். வாங்கியவர்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பல் துலக்குகிறார்கள். ஆனால் அந்தக் குச்சி எந்த மரத்தினுடையது என்று கேட்டால், "அதுதான் மிஸ்வாக் மரம்" என்று பதில் வருகிறது. மிஸ்வாக் என்று ஒரு மரம் இல்லை. அரபியில் ஸிவாக் என்பது பல் துலக்கும் செயலுக்கும், துலக்கும் கருவிக்கும் பெயர். மிஸ்வாக் என்பதும் அந்தக் கருவியே. மரத்தின் பெயர் அராக். இந்த இரண்டையும் பிரித்து அறிந்துகொள்ளாததால், அராக் குச்சி கிடைக்காதவருக்கு ஸுன்னத்தே இல்லை என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். எந்தக் குச்சியையாவது நீட்டி "மக்கத்து மிஸ்வாக்" என்று விற்றால் கேள்வி கேட்காமல் வாங்கியும்விடுகிறார்கள். ஆகவே மரத்தைப் பற்றி முதலில் பார்ப்போம்.

அராக் பாலைநிலத்துச் செடி. மரம் என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலும் அது கிளைகள் தாறுமாறாகப் பின்னித் தொங்கும் ஒரு பெரும் புதர்தான். சாதாரணமாக ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போகும். நல்ல இடம் வாய்த்தால் கோணல் மாணலான அடிமரத்துடன் 6 மீட்டர் வரை வளரும். பட்டை வெளிறி, சொரசொரப்பாக இருக்கும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமைந்து, நீள்வட்டமாக, சற்றே தடித்துச் சதைப்பற்றுடன் இருக்கும். ஓர் இலையைக் கிள்ளி மென்றால் கடுகைக் கடித்தது போன்ற காரம் நாவில் ஏறும். பூக்கள் மிகச் சிறியவை. பச்சை கலந்த வெண்மை நிறம். நான்கு இதழ், நான்கு மகரந்தத் தாள். கிளைத்த கொத்துகளாகப் பூக்கும். பழம் மிளகைவிடச் சற்றுப் பெரியது, உருண்டையானது, உள்ளே ஒரே விதை. காயாகப் பச்சை, பின்னர் இளஞ்சிவப்பு, நன்கு பழுத்தால் கறுப்புக்கு நெருங்கிய ஊதா.

இந்தப் பழத்துக்கு அரபிகள் வைத்த பெயர்கள் பல: மர்த், பரீர், கபாத். எந்தப் பெயர் எந்தப் பருவத்துக்கு என்பதில் அகராதி ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ் ஒன்றில், மர்ருள் ளஹ்ரான் என்ற இடத்தில் ஸஹாபாக்கள் கபாத் பறித்துக்கொண்டிருந்தபோது, கறுத்ததாகப் பார்த்துப் பறியுங்கள், அதுவே நல்லது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வருகிறது. தாங்கள் ஆடு மேய்த்தவர்களா என்று தோழர்கள் கேட்க, ஆடு மேய்க்காத நபி எவரும் உண்டா என்று அவர்கள் பதில் அளித்தார்கள். தோழர்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள்? எந்தப் பழம் பழுத்தது என்பது அந்தக் காட்டில் ஆட்டின் பின்னால் நடந்தவருக்குத்தான் தெரியும். ஊருக்குள்ளேயே இருப்பவருக்கு அந்தப் புதரும் தெரியாது, அதன் பழமும் தெரியாது.

மேய்ச்சலுக்கும் இந்தச் செடி பேர்போனது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹனீஃபா தீனவரீ என்பவர் தாவரங்களைப் பற்றி அரபியில் ஒரு பெரிய நூல் எழுதினார். (இவர் நம் இமாம் அபூ ஹனீஃபா அல்லர்; பெயர் ஒற்றுமை மட்டுமே. இது தெரியாமல் இமாமின் மீது செடிகொடிக் கருத்துகளை ஏற்றிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.) பல் துலக்கும் குச்சிகளில் சிறந்தது அராக், அதை மேய்ந்த கால்நடைகளின் பாலே மிகுந்த மணமுடையது என்பது அவர் கருத்து.

இனி அறிவியலார் இதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். உலகமெங்கும் ஆராய்ச்சியாளர்கள் வழங்கும் பெயர் சால்வடோரா பெர்சிகா. 1753-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் தம் தாவர நூலில் இந்தப் பெயரைப் பதித்தார். முதற்சொல் பார்சலோனா நகரில் மருந்துக்கடை நடத்திய சால்வடோர் குடும்பத்தாரின் நினைவாக வைக்கப்பட்டது. இரண்டாவது சொல்லுக்குப் பாரசீகத்தைச் சேர்ந்தது என்று பொருள். அரபு நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயர் பெற்றிருந்த செடிக்கு ஸ்பெயின் மருந்துக்கடைக்காரர் பெயரும் பாரசீகத்தின் ஊர்ப் பெயரும் வந்து சேர்ந்தது விந்தைதான்!

குடும்பத்தைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூவின் அமைப்பைப் பார்த்த 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இதை ஆலிவ் என்னும் ஸைத்தூனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் வேறு சிலர் வாலுளுவைக் கொடியின் வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிறகு மரபணுவைப் படிக்கும் முறை வந்தது. 1998-இல் வெளியான புதிய வகைப்பாட்டில் இதன் குடும்பம் கடுகின் வரிசைக்கு மாற்றப்பட்டது. நம் அடுக்களையில் உள்ள கடுகு, முள்ளங்கி, முருங்கை, பப்பாளி எல்லாம் அந்த வரிசையைச் சேர்ந்தவையே. இலையை மென்று பார்த்து ஆடு மேய்க்கும் பையன் அறிந்ததை, நுண்கருவிகளைக் கொண்டு பார்த்து இவர்கள் உறுதிப்படுத்தினார்கள் என்று சொல்லலாம்.

அந்தக் காரம் எப்படி வருகிறது? கடுகை முழுதாக வாயில் போட்டால் காரம் இல்லை. அரைத்தால்தான் மூக்கில் ஏறுகிறது. செடிக்குள் ஒரு பொருளும், அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பல் பட்டு நசுங்கியதும் இரண்டும் கலந்து காரமான எண்ணெய் பிறக்கிறது. அராக்கில் பிறப்பது பென்சைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருள். பப்பாளி விதையைக் கடித்தால் எரிகிறதே, அதுவும் இதே பொருள்தான். பல் ஈறு நோயுடன் தொடர்புடைய சில கிருமிகளை இது கொல்கிறது என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. ஆனால் அது ஆய்வுக்கூடத்துத் தட்டில் வைத்துச் செய்த சோதனை. இதை வைத்துக்கொண்டு சர்க்கரை நோய் தீரும், கண் பார்வை கூடும் என்றெல்லாம் துண்டுப் பிரசுரம் அடிப்பது தீனுக்கும் நல்லதல்ல, அறிவுக்கும் நல்லதல்ல. வாயைத் தூய்மையாக்குவது, ரப்பைத் திருப்திப்படுத்துவது என்று ஹதீஸில் வந்திருப்பது ஒரு முஃமினுக்குப் போதாதா?

உப்பு விஷயத்துக்கு வருவோம். இந்தச் செடியின் பெருமையே அதில்தான் இருக்கிறது. மற்ற செடிகள் கருகிப்போகும் உவர் நிலத்தில், கடற்கரை மணலில், வெள்ளம் வந்து வற்றிப்போன ஓடைப் படுகையில் அராக் பசுமையாக நிற்கும். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் இதை காரா ஜால், அதாவது உவர் ஜால் என்கிறார்கள். இதன் உடன்பிறப்பான இன்னோர் இனத்துக்கு மீட்டா ஜால், இனிப்பு ஜால் என்று பெயர். உப்பை இது எப்படித் தாங்குகிறது? உறிஞ்சிய உப்பை இலையின் உயிரணுக்களுக்குள் ஒரு பையில் தனியே பூட்டிவைக்கிறது. இலை தடிப்பதற்கும் அதுவே ஒரு காரணம். உப்பு மிகுந்துபோன பழைய இலைகள் உதிர்ந்துவிடுகின்றன. அஸ்ல் என்னும் மரம் வேறு வழியைக் கையாள்கிறது. அதன் இலைகளில் நுண்ணிய சுரப்பிகள் இருந்து உப்பை வெளியே தள்ளிவிடுகின்றன. காலையில் பார்த்தால் கிளைகளில் உப்பு பூத்திருக்கும்.

திருக்குர்ஆனை ஓதுகிறவர்களுக்கு அஸ்ல் என்றதும் ஸூரத்துஸ் ஸபா நினைவுக்கு வரும். நன்றி மறந்த ஸபா நாட்டாரின் அணை உடைந்து, இரு தோட்டங்களும் அழிந்து, அவற்றுக்குப் பதிலாகக் கம்த் என்னும் கசந்த கனியும், அஸ்லும், கொஞ்சம் இலந்தையும் முளைத்ததாக அல்லாஹுத் தஆலா 34-ஆவது ஸூராவின் 16-ஆவது ஆயத்தில் கூறுகிறான். அந்தக் கம்த் எது என்ற கேள்விக்கு இப்னு அப்பாஸ் (ரலி), முஜாஹித், இக்ரிமா, கதாதா ஆகியோர் அது அராக் என்று விளக்கம் கூறியதாக இப்னு கஸீர் முதலான முஃபஸ்ஸிரீன்கள் எழுதியிருக்கிறார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. தாவரத்தை அறிந்து பார்த்தால் இந்த விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. பாய்ச்சல் நீர் நின்றுபோன வறண்ட நிலத்தில், பயிர்கள் போன பிறகு எஞ்சி நிற்கக்கூடியவை வறட்சியையும் உப்பையும் தாங்கும் இப்படிப்பட்ட செடிகளே.

அந்த மஃரிப் பகுதியிலிருந்து அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்பவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தம் ஊர் உப்புச் சுரங்கத்தைத் தமக்கு உரிமையாக்கித் தருமாறு கேட்டார், அவர்களும் கொடுத்தார்கள். அவர் திரும்பிப் போகும்போது சபையில் இருந்த ஒருவர், தாங்கள் வற்றாத நீரையல்லவா கொடுத்துவிட்டீர்கள் என்றார். உடனே நபி (ஸல்) அவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஹதீஸில், அராக் புதர்களில் எதை ஒருவர் வளைத்துத் தமதாக்கிக்கொள்ளலாம் என்ற கேள்வியும் வருகிறது. ஒட்டகங்களின் குளம்பு எட்டாததை மட்டும் என்பது பதில். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இதைக் காணலாம். மேய்ச்சல் நிலத்து அராக் பொதுச் சொத்து. வேலி போட்டு அதை அடைக்க எவருக்கும் உரிமை இல்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் சட்டம். அதே சமயம், பிறருடைய உரிமையைப் பொய்ச் சத்தியம் செய்து பறித்தவனைப் பற்றிய கடுமையான எச்சரிக்கையில், அற்பப் பொருளாக இருந்தாலுமா என்று கேட்கப்பட்டபோது, அராக் மரத்தின் ஒரு குச்சியாக இருந்தாலும்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. வேறு குச்சியை அராக் என்று சத்தியம் செய்து விற்கும் வியாபாரிகள் இந்த ஹதீஸை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

இந்த மரம் நம் பக்கத்தில் இல்லையா? இருக்கிறது. ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், ஈரானின் தென்பகுதி, பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என்று பரவிய அராக், நம் கோடியக்கரையிலும் இராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்திலும், இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற வறண்ட கரைகளிலும் வளர்கிறது. தமிழில் இதற்கு உகாய், உகா என்று பெயர். குறுந்தொகையிலேயே பாலைநிலத்து மரமாக உகாய் வருகிறது. தென்னிந்திய, இலங்கைச் செடியை முன்பு தனி இனமாக எண்ணி, சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த வைட் என்ற வெள்ளைக்கார மருத்துவரின் பெயரைச் சேர்த்து சால்வடோரா வைட்டியானா என்று எழுதினார்கள். பின்னர் வந்தவர்கள் அது பெர்சிகாவின் ஒரு வகையே என்று அதற்குள் அடக்கினார்கள். ஆகக் கடற்கரை ஊர்க்காரர்கள் விலை கொடுத்து வாங்கும் குச்சியின் மரம், அவர்கள் ஊர்ப் புறம்போக்கிலேயே நிற்கக்கூடும். வேலியோரங்களில் நான்கு முள்ளுடன் வளரும் சங்கஞ்செடியும் இதே குடும்பம்தான். முள் இருந்தால் அது சங்கு. அராக்குக்கு முள் கிடையாது. இனிப்பு ஜாலின் இலை இன்னும் ஒடுங்கியது, பழம் மஞ்சள், பூவுக்குக் காம்பு இராது.

அராக் கிடைக்காதவர் என்ன செய்வது? ஷாஃபிஈ மத்ஹபில், அழுக்கை நீக்கக்கூடிய சொரசொரப்பான, தூய்மையான எந்தப் பொருளாலும் மிஸ்வாக்கின் ஸுன்னத்து நிறைவேறிவிடும். அராக் அவற்றுள் சிறந்தது, அவ்வளவுதான். தன் விரலால் தேய்ப்பது போதாது என்பதே அந்த மத்ஹபில் பெரும்பாலோர் ஏற்ற கருத்து. ஹனஃபி மத்ஹபில், குச்சி இல்லாதபோது விரலும் போதும். நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தாகும் வேளையில் அப்துர் ரஹ்மான் இப்னு அபீபக்கர் (ரலி) கையில் இருந்த ஸிவாக்கை விரும்பிப் பார்க்க, ஆயிஷா (ரலி) அவர்கள் அதை வாங்கி மென்று மிருதுவாக்கிக் கொடுத்த செய்தியை நாம் எல்லோரும் அறிவோம். புகாரியின் ஓர் அறிவிப்பில் அது பசுமையான பேரீச்ச மட்டைக் குச்சி என்று வந்திருக்கிறது. எனவே வேம்பிலும் வேலங்குச்சியிலும் பல் துலக்கும் நம் கிராமத்துப் பெரியவர்கள் நன்மையை இழந்தவர்கள் அல்லர். நச்சுள்ள குச்சி மட்டும் கூடாது. அரளிக் குச்சியைத் தொடவே வேண்டாம்; குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

கடையில் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். அராக்கின் வேரோ கிளையோ புதிதாக இருந்தால் காரமணம் இருக்கும், வளைத்தால் சட்டென்று முறியாது. மணம் போய் வறண்டுவிட்டது நார் மட்டுமே. தேய்க்க உதவும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மரத்தை அடையாளம் கண்டு தாமே எடுப்பவர்கள் விரல் கனமுள்ள பக்கக் கிளையை வெட்டினால் போதும். வேருக்காகத் தோண்டினால் புதரே பட்டுப்போகும். பிறர் நிலத்தில் இருந்தால் கேட்டு எடுக்கவேண்டும். ஒரு சாண் அளவு நறுக்கி, நுனியில் அரை அங்குலம் பட்டையை நீக்கி, தண்ணீரில் சற்று ஊறவைத்து மென்றால் நார் பிரியும். சில நாள் பயன்படுத்திய பின் நார் சுவையற்றுத் தளர்ந்துவிடும். அந்த நுனியை நறுக்கிவிட்டுப் புதிதாக மென்றுகொள்ளலாம்.